டத்தோ போட்ட நாற்பத்தொன்பது கோல்

தாமரை மாதர் காற்பந்துக் கழகத்தின் பன்னிரண்டு வருடச் சரித்திரத்தில் அதிகக் கோல் போட்டவர் டத்தோ பழனியப்பன். டத்தோ என்பது அரசு கொடுத்த பட்டம். கிள்ளானில் லோரிக் கம்பெனி முதலாளி. அறுபதைத் தாண்டியவர். இனிப்பு நீர் வியாதி உண்டு, முழங்கால் பிடிப்பு உண்டு, மாடிப்படி ஏறினால் மேல்மூச்சு வாங்கும். ஆண்பிள்ளை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சிரிக்காதீர்கள். ஆதாரம் இருக்கிறது, புகைப்படத்தோடு இருக்கிறது. கழகத்தின் சாதனை மற்றும் புள்ளிவிவர உபகுழு அதைப் பரிசீலித்து, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திவிட்டது. முத்திரை குத்தியான பிறகு சிரிக்கிறவனுக்குத்தான் புத்தி பிசகு என்று அர்த்தம்.

இந்த விஷயம் பவுனம்மாளுக்குத் தெரியவந்தது 1987ஆம் வருடம், பிரிக்பீல்ட்சில், வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் இருந்த கழக அலுவலகத்தில். அவள் போனது அதற்காக இல்லை. அவள் போனது ஒரு வேலைக்காக.

பவுனம்மாள் செந்தூல் ரயில்வே குவாட்டர்சில் பிறந்து வளர்ந்தவள். இடது கால்காரி. கழகம் ஆரம்பித்த வருடம் முன்வரிசையில் போய் நின்றவள், முழங்கால் சவ்வு கிழிந்து தூக்கிக்கொண்டு வரப்பட்ட நாள்வரை அந்த இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. சம்பளம் கொடுத்துப் பெண்களைக் காற்பந்து ஆட வைக்கும் கழகம் என்று தாமரைக்கு நாடு முழுக்கப் பெயர். சம்பளம் என்பது பஸ் காசும் ஒரு பொட்டலம் நாசி லெமாக் சோறும். பொட்டலத்தில் முட்டை இருந்தால் அது அரையிறுதி ஆட்டம் என்று தெரிந்துகொள்ளலாம்.

கால் போன பிறகு அவளுக்கு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணை ஒட்டவைத்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பியைச் சில்லோடு சேர்த்து ஒட்ட வேண்டும். புல்லையும் ஆகாயத்தையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது ஜெயில். அவள் அதை ஜெயில் என்றேதான் சொல்லுவாள்.

அந்த நேரத்தில்தான் மாதர் காற்பந்து மன்றத்திலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. ஒவ்வொரு கழகமும் பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகளுக்கு ஓர் இளையோர் அணி தொடங்க வேண்டும். அதற்குப் பயிற்சியாளர் ஒருவரை மன்றமே மாதச் சம்பளத்தில் நியமிக்கும். நிபந்தனை ஒன்றே ஒன்று. அந்தக் கழகத்தில் அதிகக் கோல் போட்ட வீராங்கனையாக இருக்க வேண்டும், அதைக் கழகமே எழுதிக் கொடுக்க வேண்டும். பவுனம்மாள் பெயரைப் போடாத குறைதான். அன்றைக்கே அரைநாள் லீவு சொல்லிவிட்டு மினி பஸ் ஏறிவிட்டாள்.

அலுவலகத்தில் சீவரத்தினம் இருந்தார். புள்ளிவிவர உபகுழுவின் தலைவர். அரசாங்கக் கணக்குத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணத்துக் குடும்பம், சட்டையில் கஞ்சி, பேச்சில் மரியாதை. வாழ்நாளில் ஒரு காற்பந்தாட்டத்தைக்கூட அவர் முழுசாகப் பார்த்ததில்லை. அதனாலேயே அவரைப் பக்கச்சார்பு இல்லாதவர் என்று எல்லாரும் ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

"வாங்கோ பிள்ளை, இருங்கோ. என்ன அலுவலா வந்தனீங்கள்?"

"சார், கோச் வேலைக்கு என் பேர அனுப்பணும். கூடுதலா கோல் போட்டது நான்தான்னு ஒரு கடுதாசி கொடுத்தீங்கன்னா போதும்."

"ஓம், ஓம், குடுக்கலாம்." அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பட்டியலைப் பார்த்தார். "ஆனா நீங்கள் மூண்டாம் இடமெல்லோ?"

பவுனம்மாளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. "என்னா சார், காலையிலேயே வெளாட்டு."

"விளையாட்டுத்தான் பிள்ளை. விளையாட்டுப் புள்ளிவிவரம். முதலாமிடம் டத்தோ பழனியப்பன், நாற்பத்தொன்பது. ரெண்டாமிடம் டத்தின் சீதாலெட்சுமி, பதினொண்டு. மூண்டாமிடம் நீங்கள். மூண்டு."

"மூணா?" நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். "மூணு கோல் நான் ஒரு மழைக்குள்ள போட்டிருக்கேன் லா!"

"கோபப்படாதேங்கோ. ஆதாரம் வேணும்."

"ஆதாரமா? பந்து உள்ள போச்சு சார். அதுக்கு மேல என்னா ஆதாரம்?"

"உள்ளுக்குப் போன பந்து வெளியால வந்திட்டுதெல்லோ. இப்ப எங்க இருக்கு?"

பவுனம்மாள் திரும்பவும் உட்கார்ந்துவிட்டாள்.

சீவரத்தினம் பொறுமையாக விளக்கினார். அவர் நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்கள் கையில் விதிமுறை கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்குத்தான் இந்தக் கதை. உபகுழு இரண்டே இரண்டு ஆவணங்களை ஏற்றுக்கொள்ளும். ஒன்று, நிர்வாகக் கூட்டக் குறிப்பு. மற்றொன்று, பத்திரிகைச் செய்தி. வாயால் சொல்வது எடுபடாது.

பத்திரிகைக்காரர்கள் தாமரையின் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் வந்தார்கள், அதில் குறையே இல்லை. டத்தோ காரிலிருந்து இறங்குவார். மாலை போடுவார்கள். பொன்னாடை போர்த்துவார்கள். அவர் பேசுவார். இரண்டு அணிப் பெண்களும் வெயிலில் வரிசையாக நின்று கேட்பார்கள். பிறகு கோலுக்கு நேரே பந்தை வைத்து, டத்தோவை அழைத்துப்போய் அதன் முன்னால் நிறுத்துவார்கள். தாமரையின் கோல்கீப்பர் கோலில் நிற்பாள். டத்தோ உதைப்பார். பந்து எந்தப் பக்கம் உருள்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் கோல்கீப்பர் பாய்ந்து விழ வேண்டும், அது செயலாளரின் உத்தரவு. பந்து வலைக்குள் போகும். படம் எடுப்பார்கள். எடுத்ததும் பத்திரிகைக்காரர்கள் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். மறுநாள் படத்தோடு செய்தி வரும். 'டத்தோ பழனியப்பன் பந்தை வலைக்குள் செலுத்தி ஆட்டத்தைத் தொடக்கி வைத்தார். பின்னர் ஆட்டம் இனிதே நடைபெற்றது.'

பவுனம்மாள் ஆடிய வருடமெல்லாம் அந்தக் கடைசி வாக்கியத்துக்குள் இருந்தது.

"நீங்களே சொல்லுங்கோ பிள்ளை. பந்து கோட்டைத் தாண்டினதோ? தாண்டினது. கோல்கீப்பர் நிண்டவவோ? நிண்டவ. அப்ப அது கோல்தானே?"

"ஆட்டமே ஆரம்பிக்கல சார் அப்ப!"

"ஆட்டம் தொடங்கமுன்னமே கோல் போட்டிருக்கிறார் எண்டா, அவற்ற திறமையைப் பாருங்கோவன்."

டத்தோ வெளியூர் போன நாட்களில் அவர் மனைவி டத்தின் வந்து பட்டுச்சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உதைத்தார். அந்தப் பதினொன்றும் படத்தோடு இருந்தது.

அவளுடைய மூன்று கோல் எப்படிக் கிடைத்தது என்றும் அவர் காட்டினார். முதலாவது, ஒரு பத்திரிகைப் படத்தில் டத்தோ தாமதமாக வந்து மாலை வாங்கிக்கொண்டிருக்கிறார், அவர் தோளுக்குப் பின்னால் மங்கலாக ஒரு கால் தெரிகிறது, பந்து வலையில் கிடக்கிறது. இடது கால் என்பதால் அவள் கணக்கில் சேர்த்திருந்தார்கள். இரண்டாவது, கூட்டக் குறிப்பில் இருந்தது. பவுனம்மாள் உதைத்த பந்தால் வலை கிழிந்தது, நைலான் கயிறு வாங்க அனுமதி. மூன்றாவதும் கூட்டக் குறிப்புத்தான். கோல் விழுந்தபோது எழுந்த கூச்சலால் ஓரத்தில் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்த டத்தோவின் பேச்சு தடைப்பட்டது, சம்பந்தப்பட்ட வீராங்கனைக்கு எச்சரிக்கை.

"பாத்தீங்களோ, உங்களுக்கு நாங்கள் ஒரு குறையும் வைக்கேல்ல" என்றார் சீவரத்தினம்.

பட்டியலின் மற்றப் பக்கங்களையும் அவர் பெருமையோடு புரட்டினார். ஒரே பருவத்தில் அதிக மாலை, டத்தோ. தொடர்ச்சியாக அதிகப் பொன்னாடை, டத்தோ. மழையில் மிக நீண்ட உரை, டத்தோ. அந்த உரை நடக்கும்போது மயக்கம் போட்டு விழுந்த வீராங்கனைகள் என்று ஒரு பத்தி தனியாக இருந்தது. அந்தச் சாதனையும் டத்தோவின் பெயரிலேயே பதிவாகியிருந்தது.

பவுனம்மாள் படியிறங்கினாள். நேரே கிள்ளானுக்குப் பஸ் ஏறினாள்.

கிள்ளானில் நூருன்னிசா இருந்தாள், பன்னிரண்டு வருடமும் தாமரையின் கோல்கீப்பர். இப்போது புருஷனோடு மீ கோரேங் நூடுல்ஸ் கடை. வாணலியைக் கிளறிக்கொண்டே கதையைக் கேட்டவள் முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சட்டென்று நிறுத்தினாள்.

"இருடி. அந்த ஆளு போட்டது கோல்னா, நான் என்னா ஆனேன்?"

பவுனம்மாள் தயங்கினாள். "நீ விட்ட கோலு."

"அதையும் எழுதியிருக்காங்களா?"

"அறுபது. அவரு நாப்பத்தொம்போது, அந்தம்மா பதினொண்ணு. அதிக கோல் விட்ட கோல்கீப்பர்னு உன் பேருதான் மொத."

"யா அல்லா!" சட்டுவத்தை வாணலியில் அடித்த அடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "என்னைய விழச் சொன்னதே அவனுங்கதானேடி! சேத்துல விழுந்து விழுந்து இடுப்பு போச்சே. ஒரு தடவ அந்த ஆளு பந்து பாதியிலேயே நின்னுடுச்சு, நான் விழுந்த எடத்துலேருந்து காலால தள்ளி உள்ள விட்டேன். அதுக்கு எனக்கு இந்தப் பேரா?"

அடுப்பை அணைத்துவிட்டாள். சாட்சி வேண்டும், அவ்வளவுதானே? காஜாங் அணியின் பழைய கோல்கீப்பர் புனிதவதி இருக்கிறாள், பேங்கில் வேலை, படித்தவள், அவள் சொன்னால் யார் மறுக்க முடியும்? இரண்டு பேரும் போய்க் கேட்டதும் புனிதவதி மறுபேச்சு இல்லாமல் கிளம்பி வந்தாள். மூன்று பெண்களும் பிரிக்பீல்ட்ஸ் மாடியில் சீவரத்தினத்தின் முன்னால் போய் உட்கார்ந்தார்கள்.

"இவ எனக்குப் போட்ட கோல எண்ண முடியாது சார்" என்றாள் புனிதவதி. "ஒவ்வொரு சீசனும் வாங்கிக் கட்டிக்கிட்டுத்தான் போவோம்."

"அப்ப நீங்கள் தோத்த ஆக்கள். தோத்தவையின்ர சாட்சியத்தில மனத்தாங்கல் கலந்திருக்கும்."

"மனத்தாங்கல் இருந்தா இவ போடலன்னுதானே சார் சொல்லுவேன்?"

சீவரத்தினம் யோசித்தார். யோசித்ததில் வேறொரு ஓட்டை கிடைத்தது. "இல்லாட்டி நீங்கள் இவவுக்கு வேண்டிய ஆளா இருப்பியள்."

"வேண்டியவளா?" புனிதவதி மூக்கைத் தொட்டுக் காட்டினாள். நடுத்தண்டில் ஒரு வளைவு இருந்தது. "இது இவ பந்து பட்டு ஒடைஞ்சது சார். அன்னிக்கு மூக்குல பட்டு உள்ள போச்சு. டாக்டர்கிட்ட வேணும்னாலும் கேளுங்க."

அவர் எழுந்து வந்து, குனிந்து, அந்த மூக்கை இரண்டு பக்கமும் நன்றாகப் பார்த்தார். வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

"மூக்கு ஆவணமில்லைப் பிள்ளை. முத்திரை குத்த இடமில்லை."

இத்தனைக்கும் அவர் கிண்டல் செய்யவில்லை. கிண்டல் செய்திருந்தால் நூருன்னிசா அவரைச் சும்மா விட்டிருக்க மாட்டாள். அந்த முகத்தில் இருந்தது உண்மையான வருத்தம். அதுதான் பவுனம்மாளுக்குப் பயத்தைக் கொடுத்தது. அயோக்கியனோடு சண்டை போடலாம், கத்தலாம், சட்டையைப் பிடிக்கலாம். இவரை என்ன செய்வது?

விஷயம் நிர்வாகக் குழுவுக்குப் போனது. மன்றத்துக்குப் பெயர் அனுப்ப வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. அதிகக் கோல் போட்டவர் டத்தோ. அவரோ வீராங்கனை இல்லை. இந்தச் சின்ன முரண்பாட்டைத் தீர்ப்பதற்காக அவசரக் கூட்டம் கூட்டினார்கள். பவுனம்மாளையும் நூருன்னிசாவையும் பின்வரிசையில் உட்கார அனுமதித்தார்கள், பேச அனுமதியில்லை.

சீவரத்தினம் முதலில் எழுந்தார். "விதி மூண்டின்படி கழக உறுப்பினர் அனைவரும் மாதர். டத்தோ அவர்கள் எங்கட ஆயுள் உறுப்பினர். ஆகவே, விதிப்படி பார்த்தால் டத்தோ அவர்களும்..." என்று தொடங்கியவர், டத்தோவின் மீசையைப் பார்த்துவிட்டு, தண்ணீர் குடித்து உட்கார்ந்துகொண்டார்.

டத்தோ எழுந்தார். பொத்தானைச் சரிசெய்தார். பதினைந்து பேர் உட்கார்ந்த அறையில் அவருக்கு மைக் வைத்திருந்தார்கள்.

"அன்பர்களே! இந்தக் கழகத்தில் ஆண், பெண் என்ற பேதத்தை நான் பார்த்தது கிடையாது. நம் நிர்வாகக் குழுவையே பாருங்கள். பதினைந்து பேரும் ஆண்கள். பேதம் பார்க்கிறவனாக இருந்தால், பெண்கள் கழகமாயிற்றே என்று இரண்டு பெண்களையாவது போட்டிருப்பேன். போட்டேனா? இல்லை. அதுதான் சமத்துவம்."

கைதட்டினார்கள்.

"நான் கோலுக்கு ஆசைப்பட்டவன் இல்லை. பந்தைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தார்கள். உதைத்தேன். போய்விட்டது. பன்னிரண்டு வருடத்தில் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. நான் இந்தப் பக்கம் உதைத்தால் கோல்கீப்பர் அந்தப் பக்கம் விழுவார். அந்தப் பக்கம் உதைத்தால் இந்தப் பக்கம் விழுவார். அவ்வளவு குழப்பிவிடும் என் கால். இதற்குப் பயிற்சி கிடையாது. ஆண்டவன் கொடுத்தது."

"ஆண்டவன் குடுக்கல. நான் குடுத்தேன்" என்றாள் நூருன்னிசா, பின்வரிசையிலிருந்து, கொஞ்சம் சத்தமாகவே. செயலாளர் திரும்பி முறைத்தார்.

"சில சகோதரிகளுக்கு வருத்தம் என்று கேள்விப்பட்டேன்" என்று டத்தோ தொடர்ந்தார். குரல் குழைந்தது. "ஏழைப் பெண். அடி பட்டவர். எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. டத்தினுக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது, அதனால் அந்த வேலைக்கு அவரை அனுப்ப முடியாது. ஆனால் டத்தினுக்குக் கீழே இருக்கிற ஒருவர் பெயரை அனுப்பினால் வீட்டில் நான் எந்த முகத்தோடு போவது? ஆகவே ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். என்னுடைய கோல்களிலிருந்து பத்துக் கோலைச் சகோதரி பவுனம்மாளுக்கு அன்பளிப்பாகக் கொடுக்கிறேன்!"

கைத்தட்டல் கூரையைப் பிய்த்தது. ஒருவர் எழுந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பள்ளிக்கூடத்துக்குப் பை கொடுத்திருக்கிறார், கோயிலுக்கு விளக்கு கொடுத்திருக்கிறார், தைப்பூசத்துக்குப் பத்துமலையில் மோர் கொடுத்திருக்கிறார். கோல் கொடுத்த தலைவர் எந்த ஊரில் உண்டு?

"அப்ப டத்தோவோட கணக்கு முப்பத்தொம்போதா கொறைஞ்சிடுமே?" என்று ஒருவர் கவலைப்பட்டார்.

"குறையாது" என்றார் சீவரத்தினம். இதற்காகவே பிறந்தவர்போல் அவர் முகம் மலர்ந்தது. "மற்றவர் கோல் போட உதவினவர் எண்டு காற்பந்தில ஒரு பத்தி இருக்குதாம். இந்தப் பத்தும் அதில ஏறும். டத்தோவுக்கு நாற்பத்தொன்பது கோல், மேலதிகமா பத்து உதவி."

வெளியே வந்ததும் நூருன்னிசா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வாங்காதடி. செருப்பால அடிச்ச மாதிரி இருக்கு எனக்கு. உன் கோல உனக்குப் பிச்ச போடுறானுங்க."

"வாங்கலன்னா?"

"வாங்கலன்னா என்னா, மானத்தோட இருக்கலாம்."

"மானத்தோட மைக்ராஸ்கோப் பாக்கலாம்" என்றாள் பவுனம்மாள். "நீ சொல்லுறது சரிதான் நூரு. ஆனா அந்தக் குட்டிங்கள நெனச்சுப் பாரு. நம்மள மாதிரி நாலு குட்டிங்க எங்கயாவது தெருவுல பந்து எத்திக்கிட்டு இருக்கும்ல? அதுங்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கலன்னா இவனுங்க எவனையாவது போட்டுடுவானுங்க. நான் அங்க போய் நிக்கணும்டி. எப்படியாவது போய் நிக்கணும்."

நூருன்னிசா கையை விட்டுவிட்டாள்.

ஆண்டு விழா மேடையில் அந்த அன்பளிப்பைக் கொடுத்தார்கள். நன்கொடை கொடுக்கும்போது பெரிய அட்டையில் காசோலை மாதிரி எழுதித் தூக்கிப் பிடிப்பார்களே, அதேபோல் ஓர் அட்டை. ஆள் உயரம் இருந்தது. 'பெறுநர்: பவுனம்மாள். பத்துக் கோல்கள் மட்டும்' என்று எழுதி, கீழே டத்தோ கையெழுத்து. ஒரு முனையை டத்தோ பிடித்துக்கொண்டார், மறுமுனையை டத்தின், நடுவில் செயலாளர். பவுனம்மாளை அட்டைக்குப் பின்னால் நிற்கச் சொன்னார்கள். முகம் தெரிய எம்பிப் பார்த்தாள், முழங்கால் வலித்தது. இறங்கிவிட்டாள்.

மைக்கைக் கொடுத்து இரண்டு வார்த்தை நன்றி சொல்லச் சொன்னார்கள். சொன்னாள். தான் போட்ட கோலுக்காக ஒரு பெண் இன்னொருவருக்குக் கையெடுத்துக் கும்பிட்டு நன்றி சொன்னது அன்றைக்குத்தான் நடந்தது. பதின்மூன்று கோலோடு வீராங்கனைகளில் முதலிடம் என்று கடிதம் மன்றத்துக்குப் போனது, வேலையும் கிடைத்தது.

செந்தூல் பாடாங் திடலில் முதல் நாள் பயிற்சிக்குப் பெண்பிள்ளைகள் வந்தபோது பவுனம்மாளுக்கு எல்லாம் மறந்துபோனது. மழை பெய்து ஓய்ந்த புல். சில பிள்ளைகளுக்குக் காலில் பூட்ஸ் இல்லை, பள்ளிக்கூடச் சப்பாத்து. கத்தினாள், ஓடவிட்டாள், திட்டினாள், தட்டிக்கொடுத்தாள். தொழிற்சாலையில் அடங்கிக் கிடந்த குரல் பாடாங்கைத் தாண்டிப் போய் ரயில் தண்டவாளத்தில் கேட்டது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

கோலில் நிற்க ஒரு பிள்ளை வந்திருந்தாள். தனலெட்சுமி. பதின்மூன்று வயது, செந்தூல் அடுக்குமாடி வீட்டுப் பிள்ளை, கையும் காலும் நீளம். எந்தப் பக்கம் அடித்தாலும் பந்து போகுமுன்னே அங்கே இருந்தாள். பவுனம்மாளே ஒருமுறை இடது காலால் ஓங்கி ஒன்று விட்டுப் பார்த்தாள். அதையும் தட்டி வெளியே தள்ளிவிட்டுச் சிரித்தது அந்தக் குட்டி.

"அடிப்பாவி" என்றாள் பவுனம்மாள். அவ்வளவு பெருமை அந்த வார்த்தையில்.

முதல் ஆட்டத்துக்கு முந்தின வாரம் சீவரத்தினம் பாடாங்குக்கே வந்தார். குடையைச் சேற்றில் ஊன்றி நின்றார்.

"பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை டத்தோ வந்து தொடக்கி வைக்கிறார். அவருக்கு அது ஐம்பதாவது. பத்திரிகைக்காரர் எல்லாரும் வருவினம். அந்தக் கோல்கீப்பர் பெட்டைக்குச் சொல்லி வையுங்கோ. டத்தோவுக்கு இப்ப முழங்கால் சரியில்லை, வலப்பக்கம் மட்டும்தான் பந்து போகும். அவ இடப்பக்கம் விழவேணும்."

"சார், அவ சின்னப் புள்ள. பழகவேயில்ல. இந்த ஒரு தடவ வேணாமே."

"இது நான் கேக்கிறதில்லைப் பிள்ளை. உங்கட நியமனம் ஆறு மாசத் தகுதிகாண் காலமெல்லோ. ஐம்பதாவது தவறினா டத்தோ மனம் நோவார். மனம் நொந்தா அவர் அந்தப் பத்தையும் திருப்பிக் கேட்டாலும் கேட்பார்." மிரட்டலாக அல்ல, அக்கறையாகத்தான் சொன்னார்.

அந்த வாரம் முழுக்க, மற்றப் பிள்ளைகள் போன பிறகு, பவுனம்மாள் தனலெட்சுமியை நிறுத்திவைத்து விழக் கற்றுக்கொடுத்தாள். மெல்ல உருட்டிவிடுவாள். பிள்ளை பிடித்துவிடும். "பிடிக்காத" என்பாள். திரும்ப உருட்டுவாள். திரும்பவும் பிடித்துவிடும்.

"பந்து அந்தப் பக்கம் வருது, நான் எதுக்கு அக்கா இந்தப் பக்கம் விழணும்?"

"பெரியவங்க பந்தும்மா அது. மரியாதைக்கு."

"கை தானா போயிடுது அக்கா."

அந்தக் கையைத்தான் பவுனம்மாள் ஒரு வாரம் உட்கார்ந்து கெடுத்தாள். மாலையில் வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்கவில்லை. ஆனால் பயிற்சியை நிறுத்தவும் இல்லை. சனிக்கிழமை தனலெட்சுமி சுத்தமாக விழுந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை போட்டார்கள், பொன்னாடை போர்த்தினார்கள், டத்தோ பேசினார். பிள்ளைகள் வெயிலில் நின்றார்கள். இரண்டு பேர் டத்தோவின் முழங்கையைப் பிடித்துக் கூட்டிவந்து பந்தின் முன்னால் நிறுத்தினார்கள். அவர் உதைத்தார். பந்து புல்லில் தடவிக்கொண்டே வலப்பக்கம் போனது. தனலெட்சுமி இடப்பக்கம் பாய்ந்து சேற்றில் விழுந்தாள், கற்றுக்கொடுத்ததற்கு மேலேயே அழகாக. பந்து கோட்டுக்கு வந்து, நிற்கலாமா என்று யோசித்து, தாண்டியது. ஐம்பது! பட்டாசு வெடித்தார்கள். படம் எடுத்தார்கள். எடுத்ததும் பத்திரிகைக்காரர்கள் சாப்பாட்டுக் கூடாரத்துக்குப் போனார்கள். கோலின் ஓரத்தில் சீவரத்தினம் பேனாவைத் திறந்து எழுதிக்கொண்டிருந்தார்.

தனலெட்சுமி எழுந்து முகத்தில் ஒட்டிய சேற்றைத் துடைத்துக்கொண்டு பயிற்சியாளரிடம் ஓடி வந்தாள்.

"அக்கா, இது கணக்குல வராதுல்ல? ஆட்டம்தான் இன்னும் ஆரம்பிக்கலையே?"

பவுனம்மாளுக்குத் தன் கோல் மூன்று என்று கேட்டபோதுகூட இவ்வளவு வலிக்கவில்லை. அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாமல் அவள் தலையில் இருந்த புல்லை எடுத்துவிட்டாள்.

"வராதும்மா. போ, போய் நில்லு."

பிள்ளை நம்பிவிட்டது. கையுறையை இறுக்கிக்கொண்டு கோலுக்கு ஓடிப்போய் நடுவில் நின்று, இரண்டு கையையும் விரித்துக்கொண்டது. அதற்குப் பிறகுதான் நடுவர் விசில் ஊதினார்.